கலங்கலுக்குக் கீழே

தென்னேரி,
14 ஜூலை 2025

அன்புள்ள ஜோசுவா அண்ணனுக்கு,

சுகாசினி எழுதுகிறேன். நீ ராட்டர்டாமுக்குப் போன ஆறு வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம், ஆனால் அதற்கு நீ இரண்டு வரியில் பதில் போட்டு முடித்துவிடுவாய். போனிலும் வழியில்லை. அந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்றே அப்பா உன் எண்ணைத் தடுக்கச் சொன்னார். "சொந்த ஊரு வாணாம்னு எழுதிக் குடுக்கறவன்கிட்ட எனக்கு இன்னா பேச்சு?" என்றார். எப்படித் தடுப்பது என்று தெரியாமல் போனை என்னிடம் நீட்டினார். தடுத்தவள் நான்தான். மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அம்மா பக்கத்து வீட்டுப் போனில் உன்னோடு பேசுவதை ஸ்பீக்கரில் பாதித் தெரு கேட்கிறது. நான் கேட்கப்போவது தெருவுக்குத் தெரியக்கூடாத விஷயம்.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி இயற்கை மன்றத்தைப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். சுவர் முழுக்க ஒரு வரைபடம். '2050இல் நம் ஏரியும் ஊரும்' என்று தலைப்பு. மழை இனிமேல் நாற்பது நாள் பெய்யாது, நான்கே நாளில் கொட்டும், அதைத் தேக்கிவைக்க இடம் வேண்டும் என்று திட்ட அலுவலகத்துக்காரர் ஒருவர் விளக்கினார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. கேள்விகூடக் கேட்கலாம் என்று நோட்டில் குறித்து வைத்தேன்.

பிறகு அவரவர் வீட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சத்யப்ரியா அவள் வீட்டை மட்டுமல்ல, வீட்டுக் கிணற்றையும் கண்டுபிடித்துவிட்டாள். நான் ஏரிக்கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வந்தேன். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல் தெரிந்தது. அதற்குக் கீழே நம் காலனி இருக்க வேண்டிய இடம் முழுக்க நீலம். நடுவில் சின்ன எழுத்தில் 'வெள்ளநீர்த் தேக்கப் பகுதி. குடியிருப்பு இல்லை' என்று இருந்தது.

மூலையில் இன்னும் சின்ன எழுத்தில் 'வரைபட வடிவமைப்பு: ஜோசுவா வீராசாமி'.

அறுபத்து நான்கு வீடு, ஒரு கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி. இவை எங்கே போயின அண்ணா? ஆட்சேபணை இருந்தால் செப்டம்பர் 30க்குள் எழுதித் தர வேண்டுமாம். அக்டோபர் 2 கிராம சபையில் அப்படியே தீர்மானம் போட்டுவிடுவார்கள். இது தவறுதலா என்று மட்டும் சொல். தவறுதல்தான் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அம்மா ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள். பதிலை வழக்கம்போல் தணிகாசலம் ஸ்டோர்ஸ், மெயின் ரோடு என்ற முகவரிக்கே போடு.

உன் தங்கை,
சுகாசினி


ராட்டர்டாம்,
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பாப்பா,

உன் கையெழுத்து இவ்வளவு நேராக ஆகிவிட்டதா? கடைசியாக நான் பார்த்தபோது ஒவ்வொரு வரியும் மேலே ஏறிக்கொண்டே போகும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தத் திட்டத்துக்குப் படம் போட்டுத் தருவது எங்கள் நிறுவனம்தான், ஆனால் ஒரு வரைபடம் ஒருவர் கையால் ஆவதில்லை. சாட்டிலைட் படம் ஓரிடத்திலிருந்து வரும், நில மட்டக் கணக்கு ஓரிடத்திலிருந்து, பெயர்ப் பட்டியல் வேறோரிடத்திலிருந்து. எல்லாம் மெல்லிய தாள்கள் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும். நிறமும் கோடும் எழுத்தின் அளவும்தான் என் பொறுப்பு. பெயர் இல்லாத தாழ்ந்த நிலத்தைக் கணினி தானாகவே தேக்கப் பகுதி என்று எடுத்துக்கொள்ளும். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் வெயிலில் தண்ணீர் போலவே பளபளக்கும். எங்கே தவறியது என்று விசாரிக்கிறேன்.

ஆனால் ஒன்று. 2015 டிசம்பர் உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு ஏழு வயது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மெயின் ரோட்டுக்கு நடந்தவன் நான். அந்த நீலம் பொய் இல்லை. நான் வரைந்தாலும் வரையாவிட்டாலும் தண்ணீர் அங்கேதான் வரும்.

நான் இப்போது இருக்கும் ஊரே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இங்கே முதலில் மனிதர்களை வரைகிறார்கள். பிறகு தண்ணீர் எதுவரை வரலாம் என்று கோடு போடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் இந்த வேலையை விரும்பி எடுத்தேன். இப்போது அந்த வேலையும் ஆட்டம் கண்டிருக்கிறது. போன வருடம் மூன்று வாரம் உட்கார்ந்து நான் தீட்டியதை இந்த வருடம் இயந்திரம் நான்கு நிமிடத்தில் தீட்டுகிறது. எங்கள் மாடியில் இருபது மேசைகள், அதில் ஒன்பதில் ஆள் இல்லை. வேலை போனால் மூன்று மாதத்தில் நாட்டை விட்டுப் போகவேண்டும். குடியுரிமை கேட்கிறேன் என்றால் அது ஊரின் மேல் உள்ள வெறுப்பால் இல்லை, பாப்பா. அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கே யாராவது 'எங்கிருந்து வருகிறாய்?' என்று கேட்பார்கள். 'இந்தியா' என்பேன். அதோடு நிறுத்திவிடுவார்கள். நம் பக்கத்தில் அந்தக் கேள்வி மாவட்டத்தில் ஆரம்பித்து, தாலுகா, ஊர் என்று இறங்கி, தெருவில் வந்துதான் நிற்கும். பாதியிலேயே நிற்கும் கேள்வி எவ்வளவு நிம்மதி என்று உனக்குச் சொன்னால் புரியுமா?

அப்பாவிடம் வரைபடத்தைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

அன்புடன்,
ஜோசுவா


தென்னேரி,
23 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைத் தணிகாசலம் கடைக்காரர் அரிசி மூட்டையின் மேல் வைத்திருந்தார். "இன்னாம்மா, வெளிநாட்டுக் கடுதாசி? உங்கண்ணன் வெள்ளக்காரியக் கட்டிக்கினானா?" என்று கேட்டார். "தெரியல, இன்னும் பிரிக்கல" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரித்துப் படித்தபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் கேட்டதற்குப் பதில் அதில் இல்லை. தகரக் கூரை தண்ணீர் போலப் பளபளக்கும் என்றால் துரைக்கண்ணு டீக்கடையின் கூரையும் தகரம்தானே? அது மட்டும் படத்தில் எப்படி டீக்கடையாகவே இருக்கிறது?

அதனால் நானே திட்ட அலுவலகத்துக்குப் போனேன். ஆனந்தகுமார் என்று ஒருவர் இருந்தார், மரியாதையாகத்தான் பேசினார். "டிசைனரே உங்க ஊருதானேம்மா! தெருப் பேரெல்லாம் அவர்தான் சரி பாத்து அனுப்புனாரு. அதனாலதான் நாங்க மறுபடி நேர்ல வந்து பாக்கல" என்று சொல்லிவிட்டு, நீ அனுப்பிய பட்டியலையும் காட்டினார். பதினொரு தெருக்கள். பெருமாள் கோயில் சந்துகூட இருக்கிறது. பன்னிரண்டாவது இல்லை.

"அப்ப நீங்க எந்தத் தெரும்மா?" என்று அவர் கேட்டார். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை இப்போது எழுத முடியவில்லை. வேறொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

உன்னிடம் கணினி கேட்கவில்லை அண்ணா. மனிதர்கள் கேட்டிருக்கிறார்கள். நீ மறந்துவிட்டாயா? பிறந்து பதினேழு வருடம் இருந்த தெருவை ஒருவரால் மறக்க முடியுமா? இதைக் கோபத்தில் கேட்கவில்லை. (இந்த வரியை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். கோபத்தில்தான் கேட்கிறேன்.)

அப்பாவிடம் சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை, வரைபடமே அவரிடம் வந்துவிட்டது. பஞ்சாயத்தில் சின்னதாக அச்சிட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். மூலையில் உன் பெயர் இருப்பதை யாரோ அவருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு தினமும் பிள்ளையார்பாளையத்துக்கு வேலைக்குப் போகிறார். சாயப்பட்டறையில் எல்லோருக்கும் விரித்துக் காட்டுகிறாராம். கூட வேலை செய்யும் முருகேசன் மாமா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்: "அண்ணிமா, உங்க ஊட்டுக்காரரு பையன்கிட்ட பேசமாட்டாராம். ஆனா பையன் போட்ட படத்த எங்களுக்கெல்லாம் காட்டிக்கினு திரியறாரு. 'பாருய்யா, இது கம்பெனி ப்ளூ இல்ல, நம்ம பட்டுக்கு முக்கற ஆனந்தா ப்ளூ. என் கையப் பாத்து எடுத்துக்கினு போயிருக்கறான்'னு ஒரே பெருமை!"

அந்த நீலம் முழுக்க ஏரி என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று என்னிடம் விரித்து, "நம்ம ஊடு எங்கம்மா வருது இதுல?" என்று கேட்டார். எழுத்து ரொம்பச் சின்னது, பள்ளியிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவருகிறேன் என்றேன். சரி என்று பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். பூதக்கண்ணாடியை எத்தனை நாள் மறந்துகொண்டே இருக்க முடியும்?

சுகாசினி


ராட்டர்டாம்,
11 செப்டம்பர் 2025

பாப்பா,

உன் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்தேன்.

மறக்கவில்லை. பதினொரு தெருவை வரிசையாகத் தட்டினேன். பன்னிரண்டாவதுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. என் பக்கத்து மேசையில் வேணுகோபால் என்று ஒருவர், சின்ன காஞ்சிபுரத்துக்காரர். ஆயிரம் பேர் இருக்கும் இந்தக் கட்டடத்தில் தமிழ் பேச எனக்கு அவர் ஒருவர்தான். ஊரிலிருந்து சாம்பார்பொடி வந்தால் பாதியை எனக்குத் தருவார். முதல் நாளே, "தென்னேரியா! அங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் "மெயின் ரோடு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது. ஆறாம் வகுப்பில் சேரும்போது விண்ணப்பத்தில் தணிகாசலம் கடை முகவரியை எழுதினேன். அதற்குப் பிறகு எல்லாப் படிவத்திலும் அதே. கல்லூரியில், வங்கியில், பாஸ்போர்ட்டில். நான் கடையின் மாடியில் குடியிருக்கிறேன் என்றே அரசாங்கம் நினைத்துக்கொண்டிருக்கிறது.

பட்டியலைத் தட்டிய அன்று வேணுகோபால் என் தோளுக்குப் பின்னால் நின்று, "அட, நம்ம ஊரு பேரெல்லாம் வருது!" என்று சந்தோஷமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் போனபிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் போன பிறகும் சேர்க்கவில்லை. பட்டியல் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து அந்த இடம் தேக்கப் பகுதி என்று திரும்பி வந்தது. நிறம் மட்டும் தீட்ட வேண்டியிருந்தது. அப்பாவின் விரல் இடுக்கில் எத்தனை தேய்த்தாலும் போகாமல் இருக்குமே, அந்த நீலத்தைத் தேடி எடுத்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் பயந்தது ஒரு சாம்பார்பொடிக்காரருக்கு.

இப்போது நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். படம் பூட்டப்பட்டுவிட்டது. நானாகத் திருத்த முடியாது. அங்கே குடியிருப்பவர்கள் முகவரியோடும் கையெழுத்தோடும் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி திறப்பார்கள். திறந்தால் பட்டியல் யாருடையது என்ற கேள்வி முதலில் வரும். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது அக்டோபர் 6ஆம் தேதி. அதற்கு முன் இது வந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காத்திரு என்று எழுத மாட்டேன். அப்படி எழுதிய தாளைத்தான் முதலில் கிழித்தேன்.

ஜோசுவா


தென்னேரி,
29 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

முதலில் நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். அந்த அலுவலகத்தில் எந்தத் தெரு என்று கேட்டபோது, "நான் என் தோழிக்காகக் கேட்டேன் சார்" என்றேன். அதற்கு முன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எல்லோரும் அவரவர் வீட்டைக் காட்டியபோது, ஆசிரியை என்னையும் காட்டச் சொன்னார். நான் விரலைத் தணிகாசலம் ஸ்டோர்ஸ் மேல் வைத்தேன். உனக்கு எழுதிய முதல் கடிதத்தின் கடைசியில் என்ன முகவரி கொடுத்தேன் என்று எடுத்துப் பார். தினமும் காலையில் வரிசையில் நின்று இந்தியா என் நாடு என்று உரக்க உறுதிமொழி சொல்கிறேன். நாட்டின் பெயரைச் சொல்ல எனக்குக் குரல் நடுங்கியதே இல்லை.

அதனால் உன்னைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் கடிதம் வந்து மூன்று நாள் புத்தகப் பைக்குள்ளேயே இருந்தது. நான் எழுதிக் கொடுத்தால் உன் வேலை போகும். கொடுக்காவிட்டால் தெரு போகும். இதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடைசியில் அப்பாவிடம் போனேன்.

அவர் வேலையிலிருந்து வந்து கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் நீலம்தான். உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினேன். சாம்பார்பொடி வரிக்கு அம்மா அழுதாள். அப்பா தேய்ப்பதை நிறுத்திவிட்டார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஆறாங்கிளாஸ் ஃபாரத்துல அவனா எழுதினான்னு போட்டுருக்கறானா?" என்றார்.

"ஆமாம்பா."

"இல்லம்மா. அவன் காலனின்னுதான் எழுதிக்கினு வந்தான். முத்து முத்தா எழுதியிருந்தான். நான்தான் அத்த அடிச்சிட்டுக் கடை அட்ரஸ எழுதச் சொன்னேன். தணிகாசலத்துகிட்ட போயி 'பையனுக்கு ஒரு அட்ரஸு குடுங்க சாமி'ன்னு கேட்டு நின்னவன் நான்."

"பின்ன? பசங்களப் பிரிச்சு ஒக்கார வெச்சிருவாங்கன்னு பயந்தோம்" என்றாள் அம்மா.

நீயாக எழுதினாய் என்று இத்தனை வருடம் நீ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். அப்பா மறக்கவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று எனக்குக் குழம்பிவிட்டது. உன் வேலையைப் பற்றி மறுபடி சொன்னேன்.

"போச்சுன்னா வரட்டும்மா. வந்தா நிக்கறதுக்கு அவனுக்கு ஒரு எடம் வாணாமா? மொதல்ல அத்த எழுதிக் குடு."

இரண்டு நாள் வீடு வீடாகப் போனோம். நாம் நினைப்பது போல எல்லோரும் ஓடிவந்து கையெழுத்துப் போடவில்லை. "படத்துல பேரு வந்தாதான்டி ஆபத்து. பேரு இருக்கறவனத்தான காலி பண்ணச் சொல்லுவான்?" என்று காந்தா அக்கா கதவைச் சாத்திவிட்டார். அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் ஐம்பத்தொரு வீட்டில் போட்டார்கள்.

இன்று ஆனந்தகுமார் சாரிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தோழிக்குன்னு சொன்னீங்களேம்மா?" என்றார்.

"அந்தத் தோழி நான்தான் சார்."

சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார்.

உன் வேலைக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரியாமலே இதைத் தபாலில் போடுகிறேன். திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுது. ஆனால் கடைக்கு எழுதாதே. கீழே இருக்கும் முகவரிக்கு எழுது.

உன் தங்கை,
வீ. சுகாசினி,
எண் 12, கலங்கல் காலனி,
தென்னேரி, வாலாஜாபாத் வட்டம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.


ராட்டர்டாம்,
20 அக்டோபர் 2025

பாப்பா,

அந்தப் பழைய விண்ணப்பத்தில் அடித்து எழுதியிருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. என் கையெழுத்துத்தான். சொன்னது யார் என்பதை மறந்தே போய்விட்டேன். மறந்தது நல்லதற்கா என்று தெரியவில்லை. அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே, இதைப் படித்து மட்டும் காட்டு.

உன் மனு இங்கே வருவதற்குள் நானும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் விட்டது தெரியாமல் நடந்தது இல்லை என்று எழுதினேன். அதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பக்கம் ஆயிற்று. என் மேலதிகாரி படித்துவிட்டு, "ஒரு தெருவின் பெயர்தானே, இதில் மறைக்க என்ன இருக்கிறது?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். புரியாதவர்களோடு வாழ்வதை நிம்மதி என்று உனக்கு எழுதியிருந்தேன். அன்று அது நிம்மதியாக இல்லை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் இதுவா, நான்கு நிமிட இயந்திரமா என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜனவரிவரை தங்கலாம். குடியுரிமை விண்ணப்பம் மேசையில் பாதியில் கிடக்கிறது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.

போவதற்கு முன் படத்தைத் திருத்த விட்டார்கள். அறுபத்து நான்கு புள்ளிகளை நானே கையால் வைத்தேன். கோயிலையும் தொட்டியையும் வைத்து, பெயரையும் எழுதினேன். நீலத்தை அழிக்க முடியவில்லை பாப்பா. தண்ணீர்க் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. நீலத்தின் மேலேதான் நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள்.

வேணுகோபாலிடமும் சொன்னேன். "ஓ" என்றார். மறுநாள் வழக்கம்போல் காபிக்குக் கூப்பிட்டார். வழக்கம்போல்தானா என்று நான் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜோசுவா


எண் 12, கலங்கல் காலனி,
தென்னேரி,
9 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் கிறிஸ்டோபர் முதலில் பழக்கத்தில் கடைக்கே போயிருக்கிறார். கடைக்காரரும் "இங்க வெச்சிட்டுப் போ, வந்து வாங்கிக்குவாங்க" என்று கை நீட்டினாராம். "இல்லீங்க, இதுல காலனின்னு போட்டுருக்குது" என்று சொல்லிவிட்டு மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பத்து வருசமா இந்த லைன்ல இருக்கறேன், கலங்கலத் தாண்டுனதே இல்லம்மா" என்றார். அம்மா அவருக்குத் துண்டும் டீயும் கொடுத்தாள்.

கிராம சபையில் என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். மனு வந்ததால் தீர்மானத்தைத் தள்ளிவைத்தார்கள். போன வாரம் புதிய அறிவிப்பு ஒட்டினார்கள். அதில் நம் பெயர் இருக்கிறது. 'கலங்கல் காலனி, 64 குடும்பங்கள், மாற்று இடம் பரிசீலனையில்' என்று. எந்த இடம் என்று இல்லை. காந்தா அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "நான் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பெயர் இல்லாதபோது எங்களைக் கேட்காமல் தண்ணீர் விடுவார்கள். இப்போது கேட்டுவிட்டு விடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பெரியது என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்பாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வேலை போனதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். பிறகு உறையை வாங்கி, ஈரத்தைச் சட்டையில் துடைத்தார்.

"மேல இன்னா எழுதியிருக்கறான், அத்தப் படி."

"எண் பன்னிரண்டு, கலங்கல் காலனி, தென்னேரி" என்று படித்தேன்.

"இன்னொரு தபா படிம்மா."

மறுபடி படித்தேன். எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டார். பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டினார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. தடுத்து வைத்திருந்த உன் எண்ணைத் திறந்துவிட்டேன். சிக்னல் இல்லை. காலையிலிருந்து மின்சாரமும் இல்லை.

நான்கு நாளாக மழை விடவில்லை. ஏரி நிரம்பி நேற்று மாலை கலங்கல் வழிய ஆரம்பித்துவிட்டது. வழக்கமாக இதைப் பார்க்க ஊரே வரும். இன்று யாரும் வரவில்லை. இந்தக் கடிதத்தைக் கிறிஸ்டோபர் நாளைக்கு வந்தால் அவரிடமே கொடுத்துவிடுவேன்.

தண்ணீர் வாசலின் இரண்டாம் படியில் இருக்கிறது. நாங்கள் பன்னிரண்டாம் எண் வீட்டில் இருக்கிறோம்.

சுகாசினி